கால் லிட்டர் பச்சை

கடையிலிருந்து திரும்பிய கணவர் மேசைமேல் வைத்த காகிதப் பை, நிற்க முடியாமல் சாய்ந்து விழுந்தது. வழக்கமாக அந்தக் கடையின் பை தொம்மென்று உட்காரும். சத்தத்தை வைத்தே அவள் அடுப்படியிலிருந்து, "வந்துருச்சா அடுத்த பீப்பாய்?" என்று குரல் கொடுப்பாள். அன்றும் கேட்க வாயெடுத்துக்கொண்டே வெளியே வந்தவள், பையிலிருந்து உருண்டு வந்த பெயிண்ட் பாட்டிலைப் பார்த்து நின்றாள். ஒரே ஒரு பாட்டில். பதினேழு மில்லி. அவள் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

"என்னங்க இது, சாம்பிளா?"

"இல்ல. வாங்கினதுதான்."

"இவ்ளோ சின்னதாவா?"

"போதும். எதுக்கு அவ்வளவு வாங்கி அடுக்கிக்கிட்டு." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முதல் தடவை ஆணி தப்பி, இரண்டாம் தடவை மாட்டிக்கொண்டது.

அந்தப் 'போதும்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து வரவழைக்க அவள் இத்தனை வருடம் பாடுபட்டிருக்கிறாள். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோதே பிளாஸ்டிக் கப்பல் மாடல்களை ஒட்டிப் பெயிண்ட் அடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஓய்வுக்குப் பிறகு அதுவே முழுநேர உத்தியோகமானது. ஊரில் இதே பைத்தியம் பிடித்த பத்துப் பதினைந்து பேர் உண்டு. எல்லோரும் அந்த ஒரே கடையில்தான் சாமான் வாங்குவார்கள், மாதம் ஒருமுறை கடையின் பின்னறையில் கூடி ஒருவர் கப்பலை ஒருவர் குறை சொல்வார்கள். மற்றவர்கள் பெயிண்ட்டைப் பதினேழு மில்லி, பதினேழு மில்லியாக வாங்கும்போது, இவர் மட்டும் பெரிய பாட்டில்தான் கேட்பார். இருநூற்றைம்பது மில்லி. ஒரு சாண் நீளப் படகுக்கு வீட்டுச் சுவருக்கு வாங்குகிற மாதிரி வாங்குகிறார் என்று அவர்கள் சிரித்துச் சிரித்து, 'கால் லிட்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் கடையிலிருந்து வீட்டுக்கும் நடந்து வந்தது. மகள்கூட போனில், "கால் லிட்டர் என்ன பண்றாரு?" என்றுதான் கேட்பாள். அவருக்கு அதில் வருத்தமில்லை, பட்டம் வாங்கினவர் மாதிரி இருந்தார்.

அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. அஞ்சு சின்ன பாட்டில் காசுக்குப் பதினாலு பாட்டில் பெயிண்ட் பெரியதில் கிடைக்கும். "சின்ன பாட்டில்ல நீ பெயிண்ட்டுக்குக் காசு குடுக்கல. மூடிக்குக் குடுக்குற" என்பார். அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அவள் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். சீட்டைப் பார்த்து, அலமாரியைப் பார்த்து, திரும்பவும் சீட்டைப் பார்த்துத்தான் கையை நீட்டுவாள். மூடியைத் திருகின நிமிடத்திலிருந்து பாட்டிலுக்கு வேறு ஆயுள் என்பது அவள் தொழிலின் முதல் பாடம். கண் சொட்டு மருந்து பாதி மிச்சம் இருந்தாலும் ஒரு மாதத்தில் தூக்கிப் போட வேண்டும். "வாங்குறது மலிவு. காயுறது யாரு கணக்கு?" என்று அவள் கேட்பாள். காயத்தான் செய்தது. மூடி இறுகிப்போன பாட்டிலை லிஃப்ட் காலத்து ஸ்பேனர் வைத்துத் திறந்து, மேலே படிந்த தோலைப் பாலாடையை எடுப்பதுபோல் வழித்துப் போட்டுவிட்டு, "அடியில நல்லாத்தான் இருக்கு" என்பார் அவர். இரண்டு பேர் சொல்வதும் சரி என்பதால் சண்டை முடியவே இல்லை, ஓடிக்கொண்டே இருந்தது. கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் ஆரம்பித்த சண்டை, மகளைவிட அதற்கு வயது அதிகம்.

கடைசியில் ஒரு சமாதானம் அவள் பக்கத்திலிருந்துதான் வந்தது. மருந்துக்கடைக்குத் திரவ மருந்தைப் பிரித்துக் கொடுப்பதற்கென்று பழுப்பு நிறக் குட்டி பாட்டில்கள் வரும். வெளியே கீறல் விழுந்ததைக் கழித்துவிடுவார்கள். அவற்றை அவள் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெரிய பாட்டிலைத் திறந்த அன்றே அவர் பெயிண்ட்டை அந்தக் குட்டி பாட்டில்களில் பிரித்து ஊற்றி இறுக மூடிவிடுவார். காற்று படாததால் வருடக்கணக்கில் இருந்தது. பெயிண்ட் அடியில் படிந்துவிடாமல் குலுக்க, ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடி மணி. மணிகள் அவளுடையவைதான், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அறுந்துபோன நீலப் பாசிமாலை. மாலையைக் கோக்கக் கொடுக்கலாம் என்று அவள் எடுத்து வைத்திருந்ததை அவர் பெயிண்ட்டுக்குள் போட்டுவிட்டார் என்று தெரிந்தபோது இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அந்த டிக்டிக் சத்தம் பழகிவிட்டது. மாலையில் முன்னறையிலிருந்து டிக்டிக் கேட்டால் அவர் உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம், ஒன்றரை மணி நேரம் வீடு அவளுடையது.

ஆக, அந்தச் சின்ன பாட்டிலைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. கடைசியில் ஜெயித்தாயிற்று. மகளுக்கு உடனே போன் போட்டுச் சொல்லிச் சிரித்தாள். சாப்பிட உட்காரும்வரை அந்தச் சந்தோஷம் தாங்கியது. சாப்பிடும்போது மருந்துக்கடையில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். இது கொஞ்ச நாளாகவே இருக்கிறது. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது பார்வை நழுவிவிடும். முன்பெல்லாம் அப்படி இல்லை. வேலைக்குப் போன காலத்தில், களைத்து வந்த நாளில்கூட, அவள் பேசினால் முகத்தைப் பார்த்துக் கேட்பார். வயசானால் பெண்டாட்டி பேச்சு சலித்துத்தான் போகும் போலிருக்கிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்வது சுலபம், கொஞ்சம் வலித்தது.

அடுத்த வாரமும் சின்ன பாட்டில்தான் வந்தது. அதற்கடுத்த முறையும் அப்படியே. அவர் இப்போது பெரிய கப்பல்களை விட்டுவிட்டு ஓர் இழுவைப் படகு செய்துகொண்டிருந்தார். துறைமுகத்தில் மலைபோன்ற கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துப் போகும் குட்டை வகைப் படகு. பக்கவாட்டில் கறுப்பு, மேல்தளம் கரும்பச்சை, மேலே இருக்கும் அறை பாலாடை நிறம். சாதாரணமாக இது அவருக்கு மூன்று வார வேலை. நான்கு மாதமாகியும் படகு மேசையிலேயே கிடந்தது. ஸ்கூட்டரும் வாசலில் கிடந்தது. நடந்தால் முழங்காலுக்கு நல்லது என்று நடந்தே போனார். மேசையோரம் ஒரு பெரிய கறுப்புக் கறை இருந்தது, எதையோ கவிழ்த்துத் துடைத்தது. அவள் கேட்டதற்கு, "கை தட்டிருச்சு" என்றார். இவை எல்லாமே சாதாரண விஷயங்கள். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. மருந்துக்கடையில் யார் வந்து நின்றாலும் முகத்தைப் பார்த்தே என்ன உபாதை என்று சொல்லிவிடுகிறவள், வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிடுவாள் போலிருக்கிறது.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் நடக்கப் போயிருந்தபோது, அவளுக்கு அவருடைய அலமாரியைச் சுத்தம் செய்யலாம் என்று தோன்றியது. ஜெயித்தவள் தோற்றவருக்கு ஏதாவது நல்லது செய்யலாமே என்ற பெருந்தன்மைதான். அலமாரி அலங்கோலமாக இருந்தது. ஒரே நிறத்தில் மூன்று பாட்டில் திறந்திருந்தது, மூன்றிலும் கால்வாசி. லேபிள்களில் பெயிண்ட் வழிந்து எழுத்தே தெரியவில்லை. அவள் கைக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. ஒவ்வொன்றாகத் திறந்து, காகிதத்தில் ஒரு சொட்டு வைத்து நிறத்தைச் சரிபார்த்து, ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே வகை என்று நிச்சயமானதை மட்டும் ஒன்றாகச் சேர்த்தாள். புது பழுப்பு பாட்டில்களை வெந்நீரில் கழுவி உலர்த்தி ஊற்றினாள். மருந்துக்கடை எழுத்தில், முத்து முத்தாக, லேபிள் எழுதி ஒட்டினாள்.

பழைய பாட்டில்களைக் கவிழ்த்தபோது மணிகள் வந்து விழுந்தன. ஒன்றில் ஒரு மணி. இன்னொன்றில் மூன்று. ஒன்றில் நான்கு இருந்தது. கணக்கில்லாமல் அள்ளிப் போட்டிருக்கிறார், என் மாலை என்பதால் இளக்காரம் என்று சிரித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பாட்டிலுக்கு ஒன்று என்று போட்டு மூடி, மிச்ச மணிகளை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு அலமாரி ஓரத்தில் வைத்தாள். வேலை முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

அவர் திரும்பி வந்து அலமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"சுத்தம் பண்ணியா?"

"ம். பாதி பாதியா கிடந்தத ஒண்ணாக்கிட்டேன். லேபிள் புதுசு."

"நல்லாருக்கு" என்றார். விரலால் பாட்டில் வரிசையை மெல்லத் தடவிக்கொண்டு போனார்.

மறுநாள் மாலை அவர் மேசையில் உட்கார்ந்தபோது அவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டிக்டிக் கேட்டது. நின்றது. இன்னொரு டிக்டிக், அதுவும் நின்றது. பிறகு இன்னொன்று. அடுத்தடுத்து எல்லா பாட்டிலையும் எடுத்துக் குலுக்குவது போலிருந்தது. பிறகு சத்தமே இல்லை. அவள் ஒரு தலையணை உறையைக் கையில் வைத்தபடி காத்திருந்தாள், எதற்கு என்று தெரியாமல்.

"ஏம்மா" என்று கூப்பிட்டார். "எல்லாத்துலயும் ஒரு மணிதான் போட்டியா?"

"ஒண்ணு போதாதா?"

"போதும், போதும்."

அப்புறம் பிரஷைத் தண்ணீரில் அலசும் சத்தம் கேட்டது. அவள் துணியை முடித்து, டீ போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அவர் முதுகு வளைந்து, படகைக் கண்ணுக்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, இடது கைச் சுண்டுவிரலால் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு மேல்தளத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு பிசிறு இல்லை. விரல் எங்கே சொன்னதோ அங்கே பிரஷ் நின்றது. பாதித் தளம் முடிந்திருந்தது.

அடித்திருந்தது கறுப்பு.

அவள் டீயைப் பிடித்தபடி நின்றாள். கறுப்பு பாட்டில் மேசையில் இருந்தது. அவள் கையெழுத்தில், ஒரு தாத்தா வந்து படித்தாலும் தெரியும் அளவுக்குப் பெரிதாக, கறுப்பு என்று எழுதியிருந்தது. பச்சை பாட்டில் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார், அவள் காதுக்குப் பக்கத்தில் பார்த்து.

"நல்லா இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. டீயை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காமல், கையைப் பிடித்துக் கொடுத்தாள். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ஒன்று, மூன்று, நான்கு என்று மணிகள் வந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. கணக்கில்லாமல் அள்ளிப் போட்டதல்ல. கணக்குப் பார்த்துப் போட்டது. மூடியைப் பார்த்தோ லேபிளைப் பார்த்தோ அவரால் சொல்ல முடியாததைக் காதால் கேட்டுச் சொல்வதற்குச் செய்த ஏற்பாடு. எத்தனை நாள் உட்கார்ந்து, அவளுக்குத் தெரியாமல், ஒவ்வொன்றாகப் போட்டாரோ. அதை அவள் வெந்நீரில் கழுவி, துடைத்து, பாட்டிலுக்கு ஒன்று என்று ஒழுங்கு பண்ணி வைத்திருக்கிறாள். குழாயை இறுக மூடினாள். கொஞ்ச நேரத்தில் கோபமும் வந்தது. ஊருக்கெல்லாம் கண் மருந்து எடுத்துக் கொடுக்கிறவளிடம், ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்ன பாட்டில் வாங்கியதும் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. இனி பெரியது எதற்கு, தீர்ப்பதற்குள் பார்வை போய்விடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். மில்லிக்கு இவ்வளவு என்று போட்ட மனுஷன், நாளுக்கு இவ்வளவு என்று போட ஆரம்பித்துவிட்டார். தான் ஜெயித்தேன் என்று மகளுக்குப் போன் போட்டது அவளுக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் அவள் அந்தக் கடைக்குப் போனாள். பல தடவை வாசல்வரை வந்திருக்கிறாள், உள்ளே போனதில்லை. கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். யாரென்று சொன்னதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"கால் லிட்டர் வீட்டுலயா? உக்காருங்கக்கா. அண்ணன் வரலையா?"

"வீட்ல இருக்காரு." எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "இப்பல்லாம் சின்ன பாட்டிலாவே வாங்கிட்டு வராரு" என்றாள்.

"ஆமாக்கா. நாங்ககூட கிண்டல் பண்ணோம், பேர மாத்தணுமான்னு." சிரிக்க ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கல்லாப்பெட்டியை மூடினார். "ஒரு நாளு லேபிளப் படிக்கச் சொன்னாரு. கண்ணாடிய மறந்துட்டேன்னாரு. கண்ணாடி மூக்கு மேலதான் இருந்துச்சு. நான் ஒண்ணும் கேட்டுக்கல."

அவள் தலையாட்டினாள்.

"இதுக்குமேல ஓடாதுன்னுதான சின்னது வாங்குறாரு?" என்று கேட்டுவிட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"ஐயோ, அப்படியில்லக்கா. அவரு கேட்டதே வேற. ஊத்த முடியலன்னாரு. பெருசுலேருந்து சின்னதுக்கு ஊத்தும்போது எங்க வந்து நிக்குதுன்னு தெரியல, வழிஞ்சிடுது, மேசையெல்லாம் வீணாப்போச்சுன்னாரு. பிரஷ் பிடிக்க வருது, ஊத்தத்தான் வரலன்னாரு. அதுக்குத்தான் சின்னது." கொஞ்சம் தயங்கினார். "வீட்ல யாரையாச்சும் ஊத்தித் தரச் சொல்லுங்கன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு."

வீட்டில் யாரையாச்சும். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நாள் முழுக்க அளந்து அளந்து ஊற்றுவதே தொழிலாக இருக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கேட்டால், எதற்கு என்று அவள் கேட்பாள்; அதைச் சொல்வதைவிட மூடிக்குக் காசு கொடுப்பது அவருக்கு மலிவாகத் தெரிந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்தபடியே அவளுக்குக் கண் கலங்கியது. கடைக்காரர் எதையோ தேடுவது போல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷன்.

"கரும்பச்சை குடுங்க" என்றாள். "பெருசு."

அவர் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துத் தூசியைத் துடைத்தார். "அண்ணன் வாங்குறத நிறுத்தினதும் இது அப்படியே நின்னுடுச்சு. வேற யாரும் கேக்க மாட்டாங்க."

"கெட்டிருக்காதே?"

"திறக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாதுக்கா."

அதை அவளும் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறாள். பாட்டில் கனமாக இருந்தது. பிற்பகல் முழுக்க அது மருந்துக்கடையில், அவள் கைப்பைக்குள், காலடியில் இருந்தது. இது தீருமா என்று ஒரு யோசனை வந்து வந்து போனது. ஒரு சாண் படகின் மேல்தளத்துக்கு இதில் ஒரு மூடி அளவு போதும். மிச்சம் இன்னும் எத்தனை படகுக்கு வரும் என்று எண்ணப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் மேசையில் இருந்தார். முன்னறை விளக்கு போட்டிருக்கவில்லை, ஜன்னல் வெளிச்சம் இன்னும் இருந்தது. மேல்தளம் முழுதும் அடித்து முடித்துக் காய வைத்திருந்தார். அவள் கைப்பையைத் திறந்து பாட்டிலை மேசைமேல் வைத்தாள். தொம்மென்று உட்கார்ந்தது. அவருக்குச் சத்தமே போதுமாக இருந்தது. கை போய்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டது.

"எதுக்கு இது?"

"பச்சை. மேல்தளத்துக்கு."

"பச்சைதான் அடிச்சிட்டேனே."

அவள் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இல்லைங்க. கறுப்பு."

அவர் படகை எடுத்தார். பக்கவாட்டில் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், திரும்பவும் கீழே வைத்தார்.

"நேத்து நல்லாருக்குன்ன."

"பொய் சொன்னேன்."

"நானும்தான்" என்றார்.

பிறகு சொன்னார். அவளுக்குத் தெரியாத, அவள் கடைக்குச் சீட்டு வராத ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். கோடுகள் வளைந்து தெரிய ஆரம்பித்தன. லிஃப்ட்டில் எத்தனையோ வருடம் கம்பியைத் தொங்கவிட்டு நேர் பார்த்தவர், கதவு நிலை கோணலாக இருக்கிறதென்று ஒரு நாள் நூல்குண்டு வைத்துப் பார்த்திருக்கிறார். நிலை நேராகத்தான் இருந்தது. "ஒரேடியா இருட்டாயிடாதாம். நடுவுல மட்டும் தேஞ்சிக்கிட்டே போகுமாம். ஓரம் நிக்கும்னாரு. மெதுவாத்தான் போகுமாம்." அதற்குச் சொட்டு மருந்து கிடையாது என்று அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பாத்துப்ப. எல்லாத்தையும் எடுத்துக் குடுப்ப." பெரிய பாட்டிலின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "கொஞ்ச நாளு நானே எடுத்துப் பாக்கலாம்னு இருந்துச்சு."

"மணி போட்டது அதுக்குத்தானா?"

"ம்."

"நான் கழுவிட்டேன்." அவள் அலமாரி ஓரத்துக் கிண்ணத்தைப் பார்த்தாள். "ஒழுங்கா அடுக்கித் தரேன்னு எல்லாத்தையும் கழுவித் தொலைச்சிட்டேன்."

"போனா போகுது. திரும்பப் போட்டுக்கலாம்." அவர் அவள் காதுக்குப் பக்கத்தில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "உன் மூஞ்சிய நேரா பாத்தா தெரிய மாட்டேங்குது. கலங்கிப் போயிடுது. கொஞ்சம் தள்ளி, காதுகிட்டப் பாத்தாத்தான் நீ தெரியுற. அதான்."

இத்தனை மாதமாக அவள் சலிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். பேச்சு சலித்துப் பார்வையைத் திருப்பியவர் அல்ல, அவளைப் பார்ப்பதற்காகத் திருப்பியவர். எழுந்துபோய் முகம் கழுவினாள். துடைத்துக்கொண்டு, கழுவி வைத்திருந்த பழுப்பு பாட்டில்களையும், மணிக் கிண்ணத்தையும், கோடு போட்ட கண்ணாடி அளவுக்குவளை ஒன்றையும் எடுத்துவந்து மேசையில் வரிசையாக வைத்தாள். அளவுக்குவளை மருந்துக்கடையில் விளிம்பு லேசாக உடைந்து கழிக்கப்பட்டது. வீட்டில் எதற்கும் பயன்படாமல் இருந்தது.

பெரிய பாட்டிலை அவரிடமே நீட்டினாள். "நீங்க திறங்க. என்னால முடியாது." அது முழுப் பொய்யல்ல. அவர் ஸ்பேனரைத் தேடாமல் உள்ளங்கையால் அழுத்தித் திருகினார். புது மூடி, சட்டென்று விட்டுக்கொடுத்தது. பெயிண்ட் வாசனை அறைக்குள் வந்தது.

அவள் பாட்டிலை வாங்கினாள். வழிந்தாலும் எழுத்து கெடாமல் இருக்க லேபிள் பக்கத்தை உள்ளங்கைக்குள் வைத்துப் பிடித்தாள்; முதல் நாள் வேலையில் கற்றுக்கொடுத்தது, கை தானாகச் செய்தது. குனிந்து குவளையின் கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு ஊற்றினாள். கோட்டைத் தொட்டதும் நிறுத்தினாள். குவளையிலிருந்து குட்டி பாட்டிலுக்கு மாற்றினாள்.

"பச்சைக்கு எத்தன?"

"மூணு. கறுப்புக்கு ஒண்ணு. அது எப்பவும் ஒண்ணு."

"நீங்களே போடுங்க."

அவர் கிண்ணத்துக்குள் விரலை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். அவள் மூடியை இறுக்கி அவர் கையில் கொடுத்தாள். காதோரம் கொண்டுபோய்க் குலுக்கினார். மூன்று மணி சேர்ந்து அடித்துக்கொள்ளும் சத்தம் ஒரு மணியின் சத்தம்போல் இல்லை. கொஞ்சம் சளசளவென்று, யாரோ பேசிக்கொள்வது மாதிரி இருந்தது. அவள் இத்தனை வருடமாகப் பக்கத்து அறையிலிருந்து கேட்டும் அந்த வித்தியாசம் காதில் விழுந்ததில்லை.

"சரியா இருக்கா?"

"பச்சைதான்" என்றார்.

இரண்டாவது பாட்டிலுக்கு ஊற்றினாள், மூன்றாவதற்கும் ஊற்றினாள். பெரிய பாட்டில் இறங்கின மாதிரியே தெரியவில்லை. கழுவி வைத்த காலி பாட்டில்கள் தீர்ந்துவிடும், நாளைக்கு மருந்துக்கடையில் கேட்டு இன்னும் கொண்டுவர வேண்டும். ஜன்னல் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. விளக்கைப் போட எழுந்தவள், போட்டுவிட்டுத் திரும்பி வந்து ஸ்டூலில் உட்காராமல் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு ஸ்டூலை ஒரு முழம் இடதுபக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். அவர் தலையைத் திருப்பவில்லை. படகுக்கு நேராகப் பார்த்தபடியே இருந்தார்.

"இப்ப தெரியுறேனா?"

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்."

அவள் நகர்ந்தாள்.

"ஆங். அங்கயே இரு" என்றார். அவள் அங்கேயே இருந்து, குவளையைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஊற்ற ஆரம்பித்தாள்.